மேடையில் சிக்கனம் வேண்டும், தண்ணீரில் வேண்டாம்!

சென்னையிலிருந்து ரயிலில் புனே வரும் நம்மவர்கள் கடப்பாவையும் ஷஹாபாத்தையும் தாண்டித்தான் வருகிறார்கள். அவ்விரு ஊர்களின் கற்களும் நமக்கு முன்பே இங்கு குடியேறிவிட்டன. ஷஹாபாத் கல் தரைக்கு வந்தது. கடப்பாக் கல் சமையல் மேடையாயிற்று. மராத்தியர் அம்மேடையை 'ஓட்டா' என்பார்கள்.

வாகட்டில் கடன்பட்டுப் பழைய வீடு ஒன்றை வாங்கும் குமாஸ்தா, உடைந்த மேடையை மாற்ற இன்னொரு கடன் வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பேன். இவ்வட்டாரத்தில் எழும்பும் அடுக்குமாடிகளுக்கு அறுத்தது போக மிஞ்சிய துண்டுகள் கல் கடைகளில் கிடக்கும். இரண்டடி அகலம், மூன்றரை அடி நீளத்தில் ஒரு துண்டு அகப்பட்டால் சிறு குடும்பத்தின் அடுப்புக்குப் போதும். முழுப் பலகைக்குப் பணம் கொடுப்பானேன்?

எந்தக் கல்? கடப்பாக் கல் மலிவு. ஆனால் அது சுண்ணாம்புக் கல். புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்து வெளுக்கும். புளியில்லாமல் நம் வீட்டில் சமையல் ஏது? எனவே கீழே தாங்குவதற்குக் கடப்பா, மேலே கிரானைட் துண்டு என்ற இவ்வூர் வழக்கமே நமக்கும் நல்லது. தாங்கு பலகையின் ஓரத்தை வீட்டிலேயே ஈரமான வாட்டர் பேப்பரால் தேய்க்கலாம். 80-ஆம் நம்பரில் தொடங்கி 400 வரை போனால் வழவழப்பாகும். கிரானைட் கைக்கு மசியாது. அதன் ஓரத்தைக் கடையில்தான் தீட்ட வேண்டும். முக்கால் அங்குலக் கிரானைட் சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ இருக்கும். நிறுத்தியே தூக்குங்கள், படுக்கவைத்துத் தூக்கினால் நடுவில் முறியும்.

இவ்வளவும் சிக்கனம். சிக்கனம் கூடாத இடம் ஒன்று உண்டு. அது கல் அறுக்கும் இடம்.

வீட்டுக்கே வந்து கை மெஷினால் உலர்வாக அறுத்துத் தருவதை நாம் சௌகரியம் என்று நினைக்கிறோம். வீடெங்கும் வெண்புகை கிளம்புகிறது. நாம் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அறுப்பவர் மூக்கில் ஒரு கைக்குட்டையோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசை அந்தக் கைக்குட்டை தடுக்காது. அது நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தரும். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. சிலிக்கா மிகுந்த செயற்கைக் குவார்ட்ஸ் கல்லை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடையே செய்துவிட்டது. கிரானைட்டில் சிலிக்கா அதைவிடக் குறைவு, இல்லாமல் இல்லை.

சாதாரணக் கை மெஷினில் தண்ணீர் ஊற்றி அறுக்கலாமா? மின்சாரம் தாக்கக்கூடும். ஆகவே வழி ஒன்றுதான். படித்து முடித்த பத்திரிகைத் தாள்களை ஒட்டி, மேடையின் அளவுக்கும் தொட்டிக் குழியின் அளவுக்கும் கத்தரியுங்கள். அதைக் கடைக்குக் கொண்டுபோய், தண்ணீர் பாயும் மெஷினில் அறுத்துத் தரச் சொல்லுங்கள். கூலி சற்றுக் கூடினால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.

கல் அறுப்பவரும் நம்மைப் போல் ஊர் விட்டுப் பிழைக்க வந்தவராகவே இருக்கலாம். நம் அடுப்பு எரிய அவர் மார்பு இரைக்க வேண்டுமா? வீட்டுக்காரர்கள் சிந்திக்க வேண்டும்.