அண்ணாச்சிக்குப் புரியலைன்னா ஆப்பு யாருக்கு?

பொட்டி தட்டும் மக்களே, நம்ம தொழில்ல ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. பயன்படுத்துறவர் தடுக்கி விழுந்தா, 'அவருக்கு விவரம் பத்தலை'ன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவோம்.

யுபிஐயையே எடுத்துக்குங்க. 2016ல வந்தது. அதுல அடுத்தவர்கிட்ட பணம் கேட்டு 'கலெக்ட்' கோரிக்கை அனுப்பலாம். 'உங்களுக்குப் பணம் வருது, பின் நம்பரைப் போடுங்க'ன்னு திருடன் போன்ல சொல்ல, நம்பிப் போட்டவங்க காசு போச்சு. 'பணம் வாங்க பின் தேவையில்லை'ன்னு வருஷக்கணக்கா விளம்பரம் பண்ணாங்க. கடைசியில 2025 அக்டோபர்ல, தனிநபர்களுக்கு இடையே அந்த வசதியையே என்பிசிஐ நிறுத்திடுச்சு. அப்போ விவரம் பத்தாதது யாருக்கு?

5 பேரை வெச்சு சோதிச்சாலே சுமார் 85% குறைகள் தெரிஞ்சிடும்னு ஜேக்கப் நீல்சன் 2000லயே எழுதிட்டார். ஆனா யார் அந்த 5 பேர்? பக்கத்து சீட்டு இன்ஜினியர் இல்லீங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா பொட்டலம் கட்டுற அண்ணாச்சி, ராஜபாளையம் மில்லுல ஷிப்ட் முடிச்சு வர்ற அக்கா. 'எனக்கு இதெல்லாம் வேணாம் தம்பி'ங்கிறவங்களைத்தான் கூப்பிடணும். போனைக் கையில கொடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு நிக்கணும். விளக்கம் சொன்னா அது டெஸ்டிங் இல்ல, டியூஷன்.

கடையில பணம் வந்ததைக் கத்திச் சொல்ற சவுண்ட் பாக்ஸைப் பாருங்க. கை வேலையா இருக்கிறவர் போனைப் பார்க்க மாட்டார். காது சும்மாதான் இருக்கு. அதைப் பழக அண்ணாச்சிக்கு யாரும் வகுப்பு எடுக்கலை.

அடுத்த ரிலீஸுக்கு முன்னாடி ஒருக்கா பஸ் ஏறி எங்க ஊர்ப்பக்கம் வாங்க. அண்ணாச்சிக்குப் புரியலைன்னா ஆப்பு அவருக்கு இல்ல, நமக்குத்தான்.