வாக்குறுதியும் வாய்தாவும்

இலங்கையில் ஜனாதிபதி பதவிக்கு நிற்கும் அபேட்சகர்கள் முப்பது வருஷ காலமாக ஒரே வாக்குறுதியைத் தந்து வருகிறார்கள். தாம் ஏற விரும்பும் ஆசனத்தை, ஏறியபின் தாமே உடைத்துவிடப் போவதாகச் சொல்லுகிறார்கள். ஜனங்களும் அதைக் கேட்டு வோட்டளிக்கிறார்கள். ஆசனம் உடைந்தபாடில்லை. 2024 செப்டெம்பர் 21ந் தேதி நடந்த தேர்தலிலும் இந்த வாக்குறுதி அச்சேறியது. வெற்றி பெற்றவருடைய விஞ்ஞாபனத்திலேயே அது இடம்பெற்றது. வாக்குக் கொடுத்தவர்களை வைது தீர்ப்பது எளிது. பலர் அதைச் செய்துவிட்டார்கள். அவ்வாக்குறுதிகளை ஆராய்ந்து ஜனங்களுக்கு விளங்க வைக்கக் கடமைப்பட்ட பத்திரிகைகள் என்ன செய்தன என்பதையே இன்று நாம் விசாரிக்க விரும்புகிறோம்.

திருவண்ணாமலையில் அச்சாகும் பத்திரிகைக்குக் கொழும்பு அரசியலில் என்ன அக்கறை என்று கேட்கும் நேயர் சிலர் உண்டு. அவர்கள் நம் ஜில்லாவிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றுக்கு ஒருநாள் மாலை போய்வரட்டும். 1983ஆம் வருஷக் கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களும், இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளும் அங்கே வசிக்கிறார்கள். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை 2021ல் தமிழ்நாட்டு சர்க்கார் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது நல்ல காரியமே. ஆனால் ஊருக்குத் திரும்பலாமா, திரும்பினால் பாட்டன் நிலத்தில் ராணுவம் இருக்குமா, உள்ளூர்க் காரியங்களைக் கவனிக்க ஒரு மாகாண சபையாவது இருக்குமா என்ற கேள்விகளுக்கு விடை கொழும்பிலிருந்துதான் வரவேண்டும். ஒவ்வொரு ஜனாதிபதி தேர்தலின்போதும் அந்த விடையைத் தேடித்தான் அவர்கள் பத்திரிகையைப் பிரிக்கிறார்கள்.

நம் நாட்டு ஜனாதிபதியை மனத்தில் வைத்துக்கொண்டு இலங்கை ஜனாதிபதியை அளக்கலாகாது. நம்மவரைப் பார்லிமெண்டு அங்கத்தினரும் மாகாண சட்டசபை அங்கத்தினரும் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர் மந்திரி சபையின் யோசனைப்படி நடப்பவர், விஞ்ஞாபனம் வெளியிடுவதில்லை. 1978ல் ஸ்ரீ ஜே. ஆர். ஜயவர்த்தனா வகுத்த அரசியல் சாஸனத்தின்படி இலங்கை ஜனாதிபதியை ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவரே மந்திரி சபைக்குத் தலைவர், முப்படைகளுக்கும் அதிபதி. ஆகவே அவர் தரும் வாக்குறுதி வெறும் அலங்காரப் பேச்சன்று. நிறைவேற்றும் வல்லமை உடையவர் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது.

அச்சீட்டின் சரித்திரத்தைச் சற்றுப் பார்ப்போம். 1994 நவம்பர் தேர்தலில் ஜே.வி.பி. என்னும் ஜனதா விமுக்தி பெரமுனாவின் அபேட்சகர் ஸ்ரீ நிஹால் கலப்பத்தி போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். 1995 ஜூலை 15ந் தேதிக்குள் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை ஒழிக்கப்படும் என்று ஸ்ரீமதி சந்திரிகா குமாரதுங்கா எழுதிக் கொடுத்ததே அதற்குக் காரணம். அந்த முறை இந்த வாக்குறுதிக்கு மாதமும் தேதியும் குறிக்கப்பட்டன. ஸ்ரீமதி சந்திரிகா நூற்றுக்கு 62 வோட்டுக்கு மேல் பெற்றார். ஜூலை 15 வந்தது, போயிற்று. 2000 ஆகஸ்டில் ஒரு புதிய சாஸன மசோதாவை அவர் பார்லிமெண்டுக்குக் கொண்டுவந்தபோது எதிர்க்கட்சியார் அதன் பிரதிகளைச் சபையிலேயே கொளுத்தினார்கள். அம்மசோதா அத்துடன் மாண்டது. அம்மையார் 2005 வரையில் அதே ஆசனத்தில் இருந்தார். அவருக்குப் பின் வந்த ஸ்ரீ மஹிந்த ராஜபக்ஷவும் இம்முறையை நீக்கும் பேச்சைத் தம் விஞ்ஞாபனத்தில் சேர்த்திருந்தார். 2010ல் 18வது திருத்தத்தின் மூலம் இரண்டு தடவைக்கு மேல் நிற்கலாகாது என்ற வரம்பையே எடுத்துவிட்டார். 2015ல் ஸ்ரீ மைத்திரிபால சிறிசேனா 19வது திருத்தத்தால் அதிகாரத்தைக் குறைத்தார். 2020ல் 20வது திருத்தம் அதைத் திருப்பிக் கொடுத்தது. 2022ல் 21வது திருத்தம் மறுபடி கொஞ்சம் பிடுங்கிக்கொண்டது. ஜவுளிக் கடையில் துணியை அளந்து நீட்டுவதும் சுருட்டுவதும் போலாயிற்று. 1994ல் தேதி போட்டு எழுதி வாங்கிய அதே ஜே.வி.பி.யின் தலைவர் ஸ்ரீ அநுர குமார திஸாநாயக்கா, முப்பது வருஷம் கழித்து, அதே வாக்குறுதியுடன் ஜனாதிபதியானார். அவருடைய ‘வளமான நாடு, அழகான வாழ்க்கை’ என்ற விஞ்ஞாபனம் 2024 ஆகஸ்டில் வெளிவந்தது.

இவ்விடத்தில் சட்டம் படித்தவன் ஒரு கேள்வி கேட்பான். ஒழிப்பது எப்படி? இலங்கைச் சாஸனத்தின் 83வது ஷரத்துப்படி, ஜனங்களின் இறைமையைத் தொடும் திருத்தத்துக்குப் பார்லிமெண்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் மட்டும் போதாது. சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். 2015ல் ஜனாதிபதியின் அதிகாரத்திற் சில பகுதிகளைப் பிரதம மந்திரிக்கு மாற்ற முயன்ற ஷரத்துக்களுக்கு வாக்கெடுப்பு அவசியம் என்று அங்குள்ள சுப்ரீம் கோர்ட்டு கூறியதும், அந்த ஷரத்துக்கள் மசோதாவிலிருந்து உதிர்ந்துவிட்டன. ஆக, ‘ஒழிப்பேன்’ என்று சொல்லும் அபேட்சகரிடம், வாக்கெடுப்பை எந்த வருஷம் நடத்துவீர், அதுவரை எந்த அதிகாரங்களைப் பயன்படுத்தாமல் இருப்பீர் என்று கேட்காதவன், ஒன்றும் கேட்காதவனே ஆவான்.

2024 தேர்தலில் எது முதற்பக்கத்தை நிரப்பிற்று? மே, ஜூன் மாதங்களில் ஸ்ரீ அநுர குமாரவும் ஸ்ரீ சஜித் பிரேமதாசாவும் நேருக்கு நேர் விவாதிப்பார்களா, எந்தத் தேதியில் என்ற பேரம் வாரக்கணக்காக அச்சாயிற்று. விவாதம் நடக்கவேயில்லை. அபேட்சகர்களின் எண்ணிக்கையும், வாக்குச் சீட்டின் நீளமும் அங்குலக் கணக்கில் நமக்குத் தெரிவிக்கப்பட்டன. செப்டெம்பர் முதல் வாரத்தில் ஸ்ரீ அநுர குமார யாழ்ப்பாணத்தில் பேசினார். தெற்கு மாறுதலுக்கு ஆயத்தமாகும்போது வடக்கு அதற்கு எதிராக நின்றதாகப் பெயர் வாங்கலாகாது என்பது அப்பேச்சின் சாரம். அது பயமுறுத்தலா, வேண்டுகோளா என்று பெரிய வாதம் மூண்டது. ஸ்ரீ ரணில் விக்ரமசிங்கா மன்னிப்புக் கேட்கும்படி வற்புறுத்தினார். அந்த வாக்கியத்தைப் பிய்த்துப் பிய்த்து எழுதியவர்கள், விஞ்ஞாபனத்தில் வடக்குக்கென்று அச்சாகியிருந்த விஷயத்தைத் தொட்டார்களா என்று பார்த்தால், ஏமாற்றமே மிஞ்சுகிறது.

அவ்விஷயம் மாகாண சபை. தள்ளிவைக்கப்பட்டுள்ள உள்ளூராட்சித் தேர்தல்களையும் மாகாண சபைத் தேர்தல்களையும் ஒரு வருஷத்துக்குள் நடத்துவதாக விஞ்ஞாபனம் கூறிற்று. இது நமக்கும் சம்பந்தமுள்ளது. 1987 ஜூலை 29ந் தேதி ஸ்ரீ ராஜீவ் காந்தியும் ஸ்ரீ ஜயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பயனாகவே 13வது திருத்தமும் மாகாண சபைகளும் பிறந்தன. அந்நாளில் ஒப்பந்தத்தை மூர்க்கமாக எதிர்த்தது ஜே.வி.பி. வடக்கையும் கிழக்கையும் இணைத்தது செல்லாது என்று 2006ல் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்புப் பெற்றதும் அதே கட்சியைச் சேர்ந்தவர்கள்தாம். மனம் மாறியிருந்தால் சந்தோஷமே. மாறியதற்கு அடையாளம் என்ன என்று கேட்க வேண்டாமா?

வட மாகாண சபைக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்தது 2013ல். அதன் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. பிறகு ஏன் நடக்கவில்லை? பணமில்லாமலன்று, மனமில்லாமல் மட்டுமென்றும் சொல்லிவிட முடியாது. 2017ல் தேர்தல் முறையை மாற்றி ஒரு சட்டம் செய்தார்கள். தொகுதி எல்லைகளைப் புதிதாக வகுத்தால்தான் அச்சட்டப்படி தேர்தல் நடத்தலாம். வகுத்துக் கொடுத்த அறிக்கையை 2018 ஆகஸ்டில் பார்லிமெண்டு நிராகரித்தது. ஆதரித்து ஒரு வோட்டுக்கூட விழவில்லை. பழைய முறை போயிற்று, புதிய முறை வரவில்லை. கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் எறிந்த கதை. ஒரு சிறிய திருத்த மசோதா இன்றித் தேர்தல் தேதி குறிக்கவே வழியில்லை. ‘ஒரு வருஷத்துக்குள்’ என்று எழுதியவரிடம், அம்மசோதாவை எந்த மாதத்தில் கொண்டுவருவீர் என்று ஒரு நிருபர் விடாமல் கேட்டிருந்தால், அந்த வாக்குறுதியின் எடை அன்றே தெரிந்திருக்கும்.

நியாயமாகச் சொல்லவேண்டியதையும் சொல்லிவிடுவோம். ஸ்ரீ அநுர குமார 2024 செப்டெம்பர் 23ந் தேதி பதவியேற்றார். உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6ந் தேதி நடந்தது. அந்த அளவில் வாக்கு நிறைவேறிற்று. மாகாண சபைத் தேர்தல் 2025 செப்டெம்பர் 23ந் தேதிக்குள் நடக்கவில்லை. அந்த அளவில் தவறிற்று. இடையே யாழ்ப்பாணத்து ஜனங்களின் மனம் எவ்வளவு மாறிற்று என்பதையும் கவனிக்கவேண்டும். ஜனாதிபதி தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அவருக்கு விழுந்தவை சுமார் 27,000 வோட்டுக்கள். தமிழ்ப் பொது அபேட்சகராக நின்ற ஸ்ரீ அரியநேத்திரனுக்கும், ஸ்ரீ சஜித்துக்கும் அங்கே அதைவிட மிக அதிகம். இரண்டே மாதத்துக்குள் நடந்த பார்லிமெண்டுத் தேர்தலில் அவர் கட்சி அதே மாவட்டத்தில் சுமார் 80,000 வோட்டுக்களும் ஆறில் மூன்று ஸ்தானங்களும் பெற்றது. தெற்கத்திக் கட்சியை நம்பி யாழ்ப்பாணம் இப்படி வோட்டளித்தது சாமான்ய விஷயமன்று. நம்பி வந்தவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டிய பொறுப்பு அதனால் இன்னும் கனக்கிறது.

வாக்குறுதியை ஆராயாமல் விட்டால் என்ன நஷ்டம் என்பதற்கு 2019 ஓர் உதாரணம். ஸ்ரீ கோத்தபய ராஜபக்ஷ 15 சதவிகிதமாக இருந்த மதிப்புக் கூட்டு வரியை 8 ஆக்குவதாகச் சொன்னார். அப்போதைய நிதி மந்திரி ஸ்ரீ மங்கள சமரவீரா, நாடு திவாலாகும் என்று தேர்தலுக்கு முன்பே எச்சரித்தார். போட்டிக் கட்சியாரின் வசையோடு வசையாக அது ஒதுங்கிப் போயிற்று. சொன்னபடியே வரியைக் குறைத்தார்கள். தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 11க்கு மேலிருந்த வரி வருமானம் 2020ல் சுமார் 8க்கு இறங்கியது. 2022 ஏப்ரல் 12ந் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று சர்க்கார் கைவிரித்தது. அதே விஞ்ஞாபனத்தில் இயற்கை எரு விவசாயத்துக்குப் பத்து வருஷத் தவணை இருந்தது. ரசாயன உர இறக்குமதியை 2021ல் திடீரென்று நிறுத்தி, பயிர் வாடிய பிறகு அவ்வருஷம் நவம்பரில் தடையை நீக்கினார்கள். முதலாவது, நிறைவேற்றியிருக்கக்கூடாத வாக்குறுதி; இரண்டாவது, எழுதிய தவணையை மீறி நிறைவேற்றிய வாக்குறுதி. இரண்டையும் பென்சில் முனையால் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம்.

இலங்கைப் பத்திரிகைகளின் மேல் முழுப்பழியையும் சுமத்த நமக்கு மனம் வரவில்லை. அங்கே பெரிய பத்திரிகை ஸ்தாபனமான ‘லேக் ஹவுஸ்’ 1973ல் சர்க்கார் கைக்குப் போயிற்று. தமிழ்த் ‘தினகரன்’ அதிலிருந்தே வெளிவருவது. 2010 தேர்தலில் சர்க்கார் ரேடியோவும் பத்திரிகைகளும் தம் உத்தரவுகளைப் பொருட்படுத்தவில்லையென்று தேர்தல் ஆணையரே வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டார். கேள்வி கேட்டவர்களின் கதி என்ன? 2000 அக்டோபர் 19ந் தேதி மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2006 மே மாதம் ‘உதயன்’ காரியாலயத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் மாண்டனர். 2009 ஜனவரி 8ந் தேதி கொழும்பில் லசந்த விக்ரமதுங்கா கொலையுண்டார். அவ்வளவு ரத்தம் சிந்திய பிறகும் அத்தொழிலில் இருப்பவர்களை இங்கிருந்துகொண்டு உபதேசிக்க நாம் துணியோம்.

ஆனால் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்கு அந்தப் பயம் கிடையாது. இங்கே வந்த செய்திகளிற் பெரும்பாலானவை, அபேட்சகர் இந்தியாவுக்கு நண்பரா, சீனாவுக்கு நண்பரா என்ற ஒரே தராசில் நிறுத்தவை. ஸ்ரீ அநுர குமார 2024 பிப்ரவரியில் நம் சர்க்காரின் அழைப்பின்பேரில் டில்லிக்கு வந்து போனதை எழுதியதில் நூற்றில் ஒரு பங்கு, 2017ஆம் வருஷச் சட்டத்தைப் பற்றி எழுதப்படவில்லை. டில்லியிலுள்ள ராஜதந்திரிகளுக்குச் சீனாவின் கவலை இருக்கட்டும். முகாமிலிருக்கும் மனிதனுக்கு அதனால் ஒரு சாண் நிலம் திரும்புமா?

நமது தேரடி வீதி வியாபாரி ஒருவர் ஐயாயிரம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தாலும் புரோநோட்டில் தொகையும் தேதியும் கையெழுத்தும் வாங்குகிறார். மூன்று வருஷம் கழிந்தால் நோட்டுக் காலாவதியாகும் என்பதும் அவருக்குத் தெரியும். தேர்தல் வாக்குறுதிக்கு இப்படிப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. நம் நாட்டிலேயே, விஞ்ஞாபன வாக்குறுதியைத் தேர்தல் ஊழலாகக் கருத முடியாதென்று 2013ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. கோர்ட்டுக்குப் போக வழியில்லாத கடனைப் பத்திரிகைதான் பேரேட்டில் ஏற்றி வைக்கவேண்டும். எந்தத் தேதியில் சொன்னார், எந்தச் சட்டம் திருத்தவேண்டும், எத்தனை வோட்டு வேண்டும், எப்போது கெடு என்ற விவரங்களை அபேட்சகரின் படத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? கூட்டத்தில் எத்தனை பேர் கூடினார்கள் என்பதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

2024 நவம்பர் தேர்தலில் ஸ்ரீ அநுர குமாரவின் கட்சிக்கு 225ல் 159 ஸ்தானங்கள் கிடைத்தன. மூன்றில் இரண்டு பங்குக்கு 150 போதும். எண்ணிக்கை போதவில்லை என்று ஸ்ரீமதி சந்திரிகா சொல்ல முடிந்த சமாதானத்தை இவர் சொல்ல முடியாது. பாக்கியிருப்பது வாக்கெடுப்புக்கு ஜனங்களை அழைப்பது ஒன்றே. இவருடைய ஐந்து வருஷ காலம் 2029ல் முடிகிறது. சாஸன மசோதா யாருடைய மேஜையில் இருக்கிறது, மாகாண சபைத் தேர்தல் சட்டத்தில் எந்தப் பிரிவைத் திருத்தப் போகிறார்கள், 1995 ஜூலை 15 என்று அன்று எழுதி வாங்கிய கட்சி தன் பங்குக்கு எந்தத் தேதியை எழுதிக் கொடுக்கிறது என்பவற்றைக் கொழும்பிலுள்ள நம் சென்னைப் பத்திரிகைகளின் நிருபர்கள் மாதந்தோறும் கேட்டு எழுதட்டும். பதில் கிடைக்காத மாதத்தில், பதில் கிடைக்கவில்லை என்பதையே செய்தியாக அச்சிடட்டும்.