மென்செயலியைத் தெரிந்து தெளிதல்

திருவள்ளுவர் தெரிந்து தெளிதலை முன்னும், தெரிந்து வினையாடலைப் பின்னுமாக வைத்தார். ஒருவனை ஆராய்ந்து நம்புதல் முதற்கண் நிகழவேண்டும். அவனிடம் வினையை ஒப்புவித்தல் அதன் பின்னரே என்பது அம்முறைவைப்பால் விளங்கும். மாந்தர்க்குக் கூறிய இம்முறை கருவிகட்கும் பொருந்துவதே. ஆயினும் மின்னணுவியல் பயிலும் மாணவருட் பலர், தம் திட்டப்பணிக்குரிய செயலியை முதல்நாளே விரைவிற் கொண்டு, அதன் இயல்பைப் பணி முடியும் நாளில் அறிந்து வருந்துகின்றனர். ஆதலின், திறந்த மூலமாகக் கிடைக்கும் மென்செயலிகளுள் ஒன்றைத் தெரியுமாறு எங்ஙனம் என்பது பற்றி எம் கருத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எஃப்.பி.ஜி.ஏ. என்பது தான் செய்யும் தொழில் முன்னரே வரையறுக்கப்படாத சில்லு. அதனுள் சிறு சிறு தருக்க அறைகளும் அவற்றை இணைக்கும் வழிகளும் நிரம்பியுள்ளன. எவ்வறை எதனோடு இணைதல் வேண்டும் என்பதை அதனை வாங்கியவரே பின்னர் எழுதி அமைப்பர். 1985ஆம் ஆண்டில் சைலிங்க்ஸ் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்.சி.2064 என்னும் சில்லில் இத்தகைய அறைகள் 64 மட்டுமே இருந்தன. இன்று மாணவர் கையாளும் சிறு பலகைகளிலும் அவற்றின் அடிப்படைக் கூறாகிய லுக்கப் டேபிள்கள் ஆயிரக்கணக்கில் உள. அவற்றைக் கொண்டு ஒரு முழுச் செயலியையே கட்டிவிடலாம். அச்செயலி சிலிக்கானில் நிலையாக வார்க்கப்படாது, வெரிலாக், வி.எச்.டி.எல். முதலிய மொழிகளில் எழுத்தாக நிற்பதால், அதனை மென்செயலி என்கிறோம்.

சில்லு விற்கும் நிறுவனங்களே மென்செயலியும் தருகின்றனவே, பிறிதொன்றைத் தேடுவானேன் என்று சிலர் வினவுவர். வினா நேரியதே. சைலிங்க்ஸின் மைக்ரோபிளேஸும் ஆல்டெராவின் நியோஸ் 2உம் நன்கு சோதிக்கப்பட்டவை, துணைக்கருவிகள் நிறைந்தவை. ஆயினும் அவற்றுள் ஒவ்வொன்றும் தன் நிறுவனத்தின் சில்லிலே வாழ்தற்கென அமைந்தது; உள்ளே நிகழ்வது யாதென மாணவன் காண்டற்கும் இடமில்லை. அன்றியும், நிறுவனம் கைவிட்டால் அதனை நம்பியோர் நிலை யாதாகும்? ஆல்டெராவைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட இன்டெல் நிறுவனம், நியோஸ் 2ஐ நிறுத்தப்போவதாக 2023இல் அறிவித்தது. அதன் இடத்தில் வந்த நியோஸ்-ஃபைவ், 2023இல் அறிவிக்கப்பட்ட மைக்ரோபிளேஸ்-ஃபைவ் ஆகிய இரண்டும் ரிஸ்க்-ஃபைவ் என்னும் பொதுக் கட்டளைத் தொகுதியைத் தழுவியவை என்பது கருதத்தக்கது. விற்போரே பொதுவழிக்கு வந்தபின், கற்போர் தனிவழியில் நிற்பது எற்றுக்கு?

ஈண்டு ஒரு வேறுபாட்டை உளங்கொள்ளல் வேண்டும். கட்டளைத் தொகுதி என்பது இலக்கணம் போல்வது. செயலி அவ்விலக்கணப்படி எழுதப்பெற்ற ஒரு நூல் போல்வது. ஓர் இலக்கணத்திற்குப் பல நூல்கள் தோன்றலாம். நூல் மாறினும் இலக்கணம் மாறாதாயின், நாம் எழுதிய நிரலும், அதனை மொழிபெயர்க்கும் கம்பைலரும் பெரும்பாலும் அழிவின்றி நிற்கும். ஆதலின் முதற்கண் தெரிய வேண்டுவது இலக்கணமே. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தில் 1997இல் தொடங்கிய லியோன் செயலி ஸ்பார்க் இலக்கணத்தையும், ஓப்பன்ரிஸ்க் தனக்கென வகுத்த இலக்கணத்தையும், லாட்டிஸ் நிறுவனம் 2006இல் அளித்த மைக்கோ32 தன் இலக்கணத்தையும் கொண்டன. அவை அனைத்தும் போற்றத்தக்க முன்னோடிகளே. ஆயினும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ் இன்று பெற்றுள்ள கம்பைலர்களும், பாடநூல்களும், பயில்வோர் தொகையும் அவற்றிற்கு வாய்க்கவில்லை. புதிதாய்த் தொடங்குவார் அதனையே கொள்ளல் தகும் என்பது எம் துணிபு.

இனி, அவ்விலக்கணத்தில் அமைந்த மென்செயலிகள் பலவற்றுள் சிலவற்றை நோக்குவோம். சர்வ் என்பது மிகச் சிறியது. அது 32 பிட் எண்ணை ஒரே வேளையில் எடுத்தாளாது, ஒவ்வொரு பிட்டாகக் கையாள்வது. ஆகவே ஒரு கட்டளைக்கு 32 கடிகாரத் துடிப்புகளேனும் செல்லும். விளக்கை ஏற்றி அணைத்தற்கும், வெப்பமானியை இடையிடையே படித்தற்கும் இவ்வேகம் அமையும். பிகோஆர்வி32 சைலிங்க்ஸின் ஏழாம் வரிசைச் சில்லுகளில் ஏறத்தாழ 750 முதல் 2000 லுக்கப் டேபிள்களுள் அடங்குவது. கட்டளை ஒன்றிற்குச் சராசரி 4 துடிப்புகளைக் கொள்வது. ஆயினும் அதன் குறுக்கீட்டு முறை ரிஸ்க்-ஃபைவ் வகுத்த முறையன்று; தனக்கெனச் சில கட்டளைகளை உடையது. இதனை அறியாது, பொதுமுறையில் எழுதிய இயங்குதளத்தை அதன்மேல் ஏற்ற முயல்வோர் இடருறுவர். வெக்ஸ்ரிஸ்க்வி வேண்டிய உறுப்பைச் சேர்த்தும் வேண்டாததை நீக்கியும் அமைத்துக்கொள்ள இடந்தருவது. லினக்ஸை இயக்குமளவும் விரிய வல்லது. 2018இல் நடந்த ரிஸ்க்-ஃபைவ் மென்செயலிப் போட்டியில் முதற்பரிசு பெற்றது. நியோஆர்வி32 வி.எச்.டி.எல். மொழியில், எந்நிறுவனச் சில்லிற்கும் பொதுவாக எழுதப்பட்டது. தொடர்முனைகளும் நேரங்காட்டியும் தன்னகத்தே கொண்டு, விரிவான விளக்க நூலோடு வருவது. ஐபெக்ஸ் மிகக் கடுமையாய்ச் சோதிக்கப்பட்டதாயினும், சிலிக்கானில் வார்த்தலையே முதன்மையாகக் கருதியது.

இவற்றுள் எது விரைவுடையது என்பதே மாணவர் முதலிற் கேட்பது. அக்கேள்வியைக் கடைசியிற் கேட்க வேண்டுமென்பதே எம் வேண்டுகோள். என்னை? பட்டியல்களிற் காணும் விரைவெண், அளந்தவர் கொண்ட சில்லிற்கும், அவர் இணைத்த உறுப்புகளுக்கும் உரியது. நம் பலகைக்கு அது அப்படியே பொருந்தாது. மேலும், சிறு சில்லுகளில் தருக்க அறைகளினும் உள்நினைவகமே முன்னர்த் தீர்ந்துபோதலும் உண்டு. பெருஞ்செயலியை அமர்த்திவிட்டு நிரலுக்கு இடமின்றித் தவிப்பது, வீட்டினும் பெரிய கதவு செய்தவன் கதையாகும்.

அற்றேல், முதலிற் கேட்கத் தக்கது யாது? இதன் மூலத்தை நம்மால் படித்தறிய இயலுமா என்பதே. பிழை நேருங்கால் அது நம் நிரலிலா, செயலியிலா, இணைப்பிலா என்று பிரித்தறிதல் வேண்டும். மூலத்தைப் படிக்கத் தெரியாதார்க்குத் திறந்த கதவும் மூடிய கதவும் ஒன்றே. வெக்ஸ்ரிஸ்க்வி ஸ்பைனல்எச்.டி.எல். மொழியில் எழுதப்பட்டது, அதினின்று பிறக்கும் வெரிலாக் கருவி எழுதியது, மனிதர் படித்தற்கு எளிதன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி செயலிகள் புளூஸ்பெக் மொழியில் அமைந்தவை. இவை குறையல்ல, அம்மொழிகளைக் கற்கும் ஓய்வும் விருப்பமும் உடையார்க்கு இவை பெருஞ்செல்வம். ஒரு பருவத்திற்குள் பணி முடிக்க வேண்டியவரோ, தாம் வகுப்பிற் கற்ற மொழியில் உள்ளதையே கொள்க.

உரிமத்தையும் மறவற்க. திறந்தது என்பதனால் நிபந்தனையற்றது என்பதன்று. பிகோஆர்வி32, சர்வ், நியோஆர்வி32 ஆகியன ஆசிரியர் பெயரையும் உரிமக் குறிப்பையும் காத்துவரின் பெரிதும் உரிமை தரும். லியோன்3 ஜி.பி.எல். உரிமத்தில் வழங்கப்பட்டது, அதனைச் சேர்த்துச் செய்ததைப் பிறர்க்கு அளிப்போர் தம் மூலத்தையும் அளிக்கக் கடமைப்படுவர். இதனை முன்னரே அறிந்து ஏற்பது அறம். பின்னர் அறிந்து மறைப்பது அறமன்று.

தொகுத்துரைப்பின், வி.எச்.டி.எல். கற்றார் நியோஆர்வி32ஐயும், வெரிலாக் கற்றார், அதன் குறுக்கீட்டு முறையை அறிந்துகொண்டு, பிகோஆர்வி32ஐயும் முதலிற் கொள்க. அவை போதாமை அளந்து கண்டபின் பெரியவற்றை நாடுக. எச்செயலியின் எப்பதிப்பு, எவ்வுறுப்புகளோடு, எவ்வுரிமத்தில் அமைந்தது என்பதைத் திட்ட அறிக்கையின் முதற்பக்கத்திலே எழுதி வைக்க. இந்நான்கு வரிகள் இல்லாமையால், நன்கு முடிந்த பணியும் மறு ஆண்டு மாணவர்க்குப் பொருள் விளங்காப் பலகையாய் அலமாரியில் உறங்கும். கல்லூரியிற் செய்யும் பணி மதிப்பெண்ணோடு முடிவதன்று. பின்வருவார் அதன்மேல் ஏறி நிற்றற்குரியது. அவர் ஏறத்தக்க படியைத் தேர்வதே நல்ல தேர்வாம்.