திரை நமக்குப் பணியட்டும்

கருவியை மனிதன் ஆள வேண்டுமா, மனிதனைக் கருவி ஆள வேண்டுமா? இக்கேள்விக்கு நாம் அனைவரும் தயங்காமல் ஒரே விடையைத்தான் சொல்வோம். ஆயினும் கணிப்பொறியின் முன் அமர்ந்தவுடன் அந்த விடையை மறந்துவிடுகிறோம். எழுத்து பொடியாகத் தெரிந்தால் கழுத்தை நீட்டுகிறோம். நிறம் கண்ணை உறுத்தினால் இமையைச் சுருக்குகிறோம். திரை குழம்பிப்போனால் பொறியையே அணைத்துவிடுகிறோம். திரைக்கேற்ப நாம் வளைகிறோமே தவிர, நமக்கேற்பத் திரையை வளைக்கலாம் என்று எண்ணுவதில்லை. இந்நிலை மாற வேண்டும். கணிப்பொறி கற்கும் ஒவ்வொரு மாணவியும் கட்டளை வரியிலிருந்து தன் திரையைத் தானே அமைத்துக்கொள்ளக் கற்க வேண்டும் என்பது என் துணிந்த கருத்து.

தோழியரே, நான் இங்கே சொல்வது வண்ணப் படங்களும் சின்னங்களும் நிறைந்த திரையைப் பற்றியன்று. எழுத்து மட்டுமே தோன்றும் கரிய திரையைப் பற்றியது. அதற்கு முனையம் என்று பெயர். லினக்ஸ் இயங்கும் பல கணிப்பொறிகளில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் இத்திரை எதிரே வந்து நிற்கும். படத்திரை பழுதுபட்டு வராத நாளிலும் இது பெரும்பாலும் வரும். தொலைவிலுள்ள பெரிய கணிப்பொறிகளைப் பராமரிப்போர் இன்றும் இதன் வழியேதான் பெரும்பாலான வேலைகளைச் செய்கின்றனர். ஆகவே இதைப் பழம்பொருள் என்று ஒதுக்குவது அறியாமை.

இத்திரை இன்றுள்ள வடிவத்தில் இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1963ஆம் ஆண்டு வெளிவந்த டெலிடைப் 33 என்னும் இயந்திரம், தாளின் மீது வினாடிக்கு 10 எழுத்து வீதம், வரிக்கு 72 எழுத்தாக அச்சடித்தது. அதில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. அக்காலத்தில் கணிப்பொறியோடு பேச இத்தகைய இயந்திரங்களே வாயில். பின்னர் தாளின் இடத்தில் கண்ணாடித் திரை வந்தது. 1978இல் வெளிவந்த விடி100 என்னும் முனையம் வரிக்கு 80 எழுத்தும், மொத்தம் 24 வரியும் காட்டியது. 80 என்னும் எண் எங்கிருந்து வந்தது? ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் கொண்டுவந்த துளையட்டையில் 80 நிரல்கள் இருந்தன. அந்த வழக்கமே திரைக்கும் தொடர்ந்தது என்பர். இன்று நாம் முனையச் சாளரத்தைத் திறந்தால் பெரும்பாலும் அதே 80க்கு 24 தான் வருகிறது!

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? நம் முன்னே இருக்கும் அமைப்பு இயற்கை விதியன்று. யாரோ, எப்போதோ, தம் வசதிக்காகச் செய்த ஏற்பாடு. மனிதர் வைத்ததை மனிதர் மாற்றலாம். அதற்குரிய கட்டளைகளும் ஆயத்தமாகவே உள்ளன. அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சிட வேண்டும். நான் ஒலிப்பை மட்டும் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதலில் எழுத்தின் அளவை எடுத்துக்கொள்வோம். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில், 8 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் உள்ள வழக்கமான எழுத்தை நிரப்பினால் வரிக்கு 240 எழுத்தும் 67 வரியும் அடங்கும். அரிசியில் எழுதியது போல அது பொடியாக இருக்கும். கண்ணாடி அணிந்த பெண்ணுக்கு அதைப் படிப்பது தண்டனை. 'செட்ஃபாண்ட்' என்னும் கட்டளைக்குப்பின் பெரிய எழுத்துருவின் பெயரைத் தந்தால் போதும், எழுத்து அந்தக் கணமே பெரிதாகிவிடும். டெர்மினஸ் என்னும் எழுத்துரு 12 புள்ளி உயரத்திலிருந்து 32 புள்ளி உயரம் வரை பல அளவுகளில் கிடைக்கிறது. 32 புள்ளியை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: வரிக்கு 120 எழுத்து, 33 வரி. விடி100 காட்டியதைவிட அதிகமாகவே இடம் இருக்கிறது, கண்ணும் பிழைக்கிறது.

அடுத்தது நிறம். கருப்புப் பின்னணியில் கோப்பறைகளின் பெயர்கள் அடர்நீலத்தில் வருவது பலர் முகஞ்சுளிக்கும் ஒரு வழக்கம். கண் கூர்மையானவரும் அதைத் தேடித்தான் படிக்க வேண்டும். 'செட்டெர்ம்' என்னும் கட்டளை இதற்கு மருந்து. எழுத்தின் நிறத்தைக் கருப்பாகவும் பின்னணியை வெள்ளையாகவும் அது மாற்றும். 'ஸ்டோர்' என்னும் சொல்லையும் சேர்த்தால் அந்த நிறத்தையே அத்திரையின் இயல்பாக வைத்துக்கொள்ளும். 'பிளாங்க்' என்று சொல்லி 10 என்று எண் கொடுத்தால், பத்து நிமிடம் எவரும் விசையைத் தொடாதபோது திரை இருளும். 0 கொடுத்தால் இருளவே இருளாது. பழைய குழாய்த் திரைகளில் ஒரே எழுத்து நெடுநேரம் நின்றால் தழும்பாகப் பதிந்துவிடும். அதைத் தடுக்க எழுந்த ஏற்பாடு இது.

மூன்றாவது 'எஸ்டிடிஒய்' என்னும் கட்டளை. டெலிடைப்பை அமைத்தல் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே இப்பெயர். 'எஸ்டிடிஒய் சைஸ்' என்று கேட்டால் திரையில் எத்தனை வரி, வரிக்கு எத்தனை எழுத்து என்று சொல்லும். நேர்க்கம்பி வழியே இணைத்த பொறிக்கு நம் திரையின் அளவு தானாகத் தெரியாது. அப்போது நாமே எண்களைச் சொல்லிக்கொடுக்கலாம். இன்னொரு பயனும் உண்டு. கோப்பைச் சேமிக்கும் பழக்கத்தில் கண்ட்ரோலையும் எஸ் விசையையும் அழுத்துவோர் பலர். முனையத்தில் உடனே எல்லாம் உறைந்து நிற்கும். பொறி கெட்டுவிட்டது என்று அஞ்சி மின்சாரத்தை நிறுத்துகிறோம். உண்மையில் எதுவும் கெடவில்லை. டெலிடைப் காலத்து 'நில்' என்னும் ஆணை அது. கண்ட்ரோலும் க்யூவும் சேர்ந்தால் 'செல்' என்று பொருள். அந்த ஆணையே வேண்டாமென்றால் அதையும் 'எஸ்டிடிஒய்' நீக்கித்தரும்.

இனி, மாற்றுக் கருத்துடையோர் கூறுவதைப் பார்ப்போம். "மவுஸால் தொட்டு மாற்றினால் போதாதா? எதற்கு இந்தத் தொல்லை?" என்பர். தொட்டு மாற்றும் பட்டியல் ஒவ்வொரு பொறியிலும் ஒவ்வோரிடத்தில் இருக்கும். அடுத்த ஆண்டு புதிய பதிப்பு வந்தால் இடம் மாறிவிடும். கட்டளையோ ஒரு வரி. நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். தோழிக்குக் கடிதத்தில் அனுப்பலாம். உள்ளே புகும்போதெல்லாம் இயங்கும் கோப்பில் எழுதிவைத்தால் நாள்தோறும் நாம் தட்டச்சிடவும் தேவையில்லை.

"தெரியாமல் எதையாவது தட்டித் திரை கெட்டுவிட்டால்?" என்று அஞ்சுவோரும் உண்டு. நம் பெண்களைப் பொறியிலிருந்து விலக்கி வைப்பது இந்த அச்சமே. நான் கூறிய மாற்றங்கள் எவையும் பொறியின் உடலைத் தீண்டுவதில்லை; கணிப்பொறியை மீண்டும் தொடங்கினால் பழைய நிலை திரும்பிவிடும். எழுத்தெல்லாம் கோடும் கட்டமுமாக மாறிவிட்டாலும் கலங்க வேண்டாம். எழுத்தல்லாத கோப்பு ஒன்றைத் திரையில் கொட்டினால் இவ்வாறு நேர்வதுண்டு. 'ரீசெட்' என்று தட்டி என்டர் விசையை அழுத்துங்கள். தட்டுவது சரியாகத் தெரியாவிட்டாலும் பொறிக்கு அது விளங்கும்.

இவ்வளவு புகழும் இத்திரைக்கு ஒரு குறை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. நம் தமிழ் அதில் சரியாக வருவதில்லை. லினக்ஸின் எழுத்துத் திரை ஒரே நேரத்தில் 512 வடிவங்கள் வரை வைத்துக்கொள்ளும். நம் எழுத்துகள் 247 தானே, எளிதில் அடங்குமே என்று தோன்றும். தடை எண்ணிக்கையில் இல்லை. யூனிகோடு முறையில் 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியும் அடுத்தடுத்து வரும் இரண்டு குறியீடுகள். அந்தக் குறியைப் பிரித்து, ஒரு பாதியைக் ககரத்துக்கு முன்னும் மறுபாதியைப் பின்னும் வைத்தாக வேண்டும். குறியீட்டுக்கு ஒரு கட்டமாக வரிசையில் அடுக்கிச் செல்லும் இத்திரை அவ்வாறு முன்பின் மாற்றி அடுக்குவதில்லை. சாளரத்தில் திறக்கும் முனையங்களுள் சில ஓரளவு காட்டுகின்றன, அவ்வளவே. எந்த அமைப்புக் கட்டளையாலும் தீராத குறை இது. தீர்க்க வேண்டுமானால் அத்திரையை இயக்கும் நிரலையே திருத்த வேண்டும். அந்நிரல் எல்லாரும் படித்துத் திருத்தும் வண்ணம் திறந்தே கிடக்கிறது. அதைத் திருத்தப்போகிறவர் யார்? திரை எவ்வாறு இயங்குகிறது என்று கேட்கப் பழகிய ஒருத்தியே அதைச் செய்வாள். கழுத்தை நீட்டிப் பழகியவள் செய்யமாட்டாள்.

பார்வையற்றோருக்கும் இத்திரை உதவுகிறது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 'பிஆர்எல்டிடிஒய்' என்னும் மென்பொருள் எழுத்துத் திரையில் உள்ளதைப் பிரெயில் புள்ளிகளாக விரலுக்குத் தருகிறது. ஒவ்வொருவர் கண்ணுக்கும் கைக்கும் ஏற்பத் திரை மாறவேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறு உண்டோ?

எனவே கணிப்பொறிக்கூடத்தில் முதல் வகுப்பு, நிரல் எழுதுவதில் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு மாணவியும் தன் கண்ணுக்கேற்ற எழுத்தளவையும் நிறத்தையும் தானே அமைப்பதில் தொடங்கட்டும். அதற்கு ஒரு மணி நேரம் போதும். மறந்துவிட்டால் 'மேன்' என்று தட்டிக் கட்டளையின் பெயரைச் சொன்னால் விளக்கம் திரையிலேயே விரியும். தன் கட்டளைக்குப் பொறி பணிந்ததை ஒரு முறை கண்ட பெண், கடைசி வரிசையில் அமர்ந்து "இது எனக்கு வராது" என்று இனிச் சொல்லமாட்டாள். தோழியரே, திரை நமக்குப் பணியட்டும். நாம் திரைக்குப் பணிய வேண்டாம்.