ஒகேனக்கல் மீனும் சட்டமும்

தர்மபுரி ஜில்லாவில் ஒகேனக்கல் என்றதும் அருவியும் பரிசலும் மீன் வறுவலும் நினைவுக்கு வராதவர் இல்லை. ஆனால் காவேரியிலும் அதன் உபநதிகளிலும் அன்றி உலகில் வேறெங்கும் இல்லாத மீன் ஒன்று உண்டென்பதும், அது பூண்டற்றுப் போகும் தறுவாயில் இருக்கிறதென்பதும் நம்மவரில் பலர் அறியாத செய்தி. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த கூன்முதுகு மகாசீரையே இங்குக் குறிப்பிடுகிறோம். 1946-ம் வருஷம் கபினி ஆற்றில் தூண்டிலில் அகப்பட்ட மகாசீர் ஒன்று 120 ராத்தல் நிறை இருந்தது. புது வெள்ளம் வந்ததும் ஆற்றை எதிர்த்து மேலேறிச் சென்று, கூழாங்கல் நிறைந்த படுகைகளில் முட்டையிடுவது இவ்வினத்தின் இயல்பு. இம்மீனுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டுமா?

வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். ஆயினும் அது எத்தகைய பாதுகாப்பு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பெயரும் அடையாளமும் இல்லாத கட்சிக்காரனுக்குக் கோர்ட்டில் இடமில்லை. இம்மீனின் கதியும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் தலைமுறை தலைமுறையாகத் தேடி வந்து தூண்டில் போட்ட இம்மீனுக்கு, 2018 வரையில் சாஸ்திரப் பெயர் உறுதிப்படவில்லை. கேரளத்துப் பாம்பாற்றில் முன்னரே கண்டு விவரிக்கப்பட்டு, மீனியல் நிபுணர் ரெமா தேவியின் பெயரால் வழங்கும் 'டோர் ரெமாதேவி' இனமே இது என்று அவ்வருஷத்தில்தான் ஆராய்ச்சியாளர்கள் நிலைநாட்டினர். சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் அதே வருஷத்தில், அழிவுக்கு மிக நெருங்கிய இனங்களின் வகுப்பில் இதைச் சேர்த்தது.

பெயரில்லாத காலத்தில் நேர்ந்த கேடு சிறிதன்று. மகாசீர் குறைந்து வருகிறதென்ற கவலையால், மஹாராஷ்டிரத்து லோனாவாலாவில் நீலச் செட்டை மகாசீர்க் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்து, 1970-களிலிருந்து பல நதிகளில் விட்டார்கள், காவேரியிலும் விட்டார்கள். மகாசீர் எல்லாம் ஒன்றே என்ற எண்ணம்! ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகத்துக் காலிபோரில் இருந்த தூண்டில் முகாமின் கணக்கைப் பாருங்கள். 1998 முதல் 2012 வரை, ஏழு கிலோமீட்டர் நீளத்தில், பிடித்து மீண்டும் ஆற்றிலே விட்ட 6,161 மீன்களின் குறிப்பு அது. மீன்களின் தொகை ஏறிற்று, நிறையோ இறங்கிற்று. நீலச் செட்டை மீன் பெருகப் பெருக, கூன்முதுகு மீன் அருகிப் போயிற்று. தொகையை மட்டும் பார்ப்பவர் நதி செழிக்கிறதென்பர். எந்த மீன் என்று கேட்பவரே உண்மையை அறிவர். நல்லெண்ணமும் அறியாமையோடு சேர்ந்தால் பகையாகி விடுகிறது.

வேறு கேடுகளும் உண்டு. மேலே கிருஷ்ணராஜ சாகரமும் கீழே 1934-ல் முடிந்த மேட்டூர் அணையும் மீனின் வழியை மறித்து நிற்கின்றன. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டமே குற்றமென்று கூறிற்று. நூறு வருஷத்துக்கு மேலாகியும் ஆற்றில் வெடிச் சத்தம் ஓய்ந்தபாடில்லை. நடத்துவாரின்றிச் சட்டம் என்ன செய்யும்?

"தடை விதித்தால் ஒகேனக்கல் மீனவரும் பரிசலோட்டிகளும் எங்கே போவார்கள்?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வியே. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் காடுகளில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் 2022-ல் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வலை வீசும் ஏழையைப் பிடிப்பது எளிது. நள்ளிரவில் வெடி வைப்பவனைப் பிடிப்பது அரிது. எளிதானதை மட்டும் செய்துவிட்டு மீனைக் காத்தோம் என்று சொல்வது கேலிக்கூத்து. காலிபோரில் வன உயிர்ச் சட்டத்தைக் காட்டித் தூண்டிலை நிறுத்தினார்கள். மீனைக் கணக்கிட்டு வந்த கைகளும் அதோடு நின்று போயின.

அமெரிக்காவின் அனுபவமும் நமக்குப் பாடமாகும். மூன்றங்குல மீனான ஸ்னெயில் டார்ட்டரைக் காக்கும் பொருட்டு, முடியுந் தறுவாயில் இருந்த டெல்லிகோ அணையை அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் 1978-ல் தடுத்தது. மறுவருஷமே அந்நாட்டுக் காங்கிரஸ் விலக்களித்து அணைக்கு வழிவிட்டது. வேறு ஆறுகளில் கொண்டுபோய் விட்டதனாலும் பின்னர் எடுத்துக்கொண்ட பராமரிப்பினாலும் அம்மீன் தேறி, 2022-ல் அபாயப் பட்டியலிலிருந்து நீங்கிற்று. ஜனங்களின் மனம் இசையாத தீர்ப்புக்கு ஆயுள் குறைவு. பராமரிப்புக்கே பலன் அதிகம்.

ஆகவே நாம் வேண்டுவது இதுவே. 1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 61-வது பிரிவின்படி, அட்டவணைகளைக் கெஜட் அறிவிப்பாலேயே திருத்த மத்திய சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. திமிங்கிலச் சுறா 2001-ல் அட்டவணை ஏறியது போல, கூன்முதுகு மகாசீருக்கும் தலையாய பாதுகாப்பு உறுதிப்பட வேண்டும். மகாசீர் என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் போதாது. இனத்தின் பெயரைச் சொல்லியே எழுத வேண்டும். காவேரிக்கு அந்நியமான மகாசீர்க் குஞ்சுகளை விடுவது அடியோடு நிற்க வேண்டும். ஆற்றின் ஒவ்வொரு மடுவையும் அறிந்த பரிசலோட்டிகளையும் மீனவர்களையும் சம்பளம் கொடுத்துக் காவலுக்கும் கணக்கெடுப்புக்கும் அமர்த்த வேண்டும். மேகதாதுவில் அணை கட்ட முயலும் கர்நாடக சர்க்காரோடு நாம் தண்ணீருக்காக வாதாடுகிறோம். அவ்வழக்கில் மீனுக்கும் ஒரு வக்காலத்து வேண்டும். நமது வயலுக்கு வேண்டிய நீர்ப் பெருக்குத்தான் அதற்கும் வேண்டும்.

பெயர் கிடைக்கவே இத்தனை காலம் ஆயிற்று. பெயர் மட்டும் ஏட்டில் எஞ்சி, மீன் ஆற்றில் இல்லாமற் போகும் பழி நமக்கு வேண்டாம்.