பாட்டை எடுத்துப் பாடினவரை விடலாமா?

மலையக மக்கள் பாடல்களைக் 'கூலிப் பாட்டு' என்று தள்ளுவோர் ஒரு சாரார். 'மண்வாசனை' என்று மெச்சி, மெல்லிசை பூசி மேடையேற்றுவோர் மற்றொரு சாரார். முன்னவரினும் பின்னவரே அபாயகரமானவர் என்பது எமது துணிபு. தள்ளப்பட்ட பாட்டு லயத்திலாவது உயிரோடிருக்கும். மெருகிடப்பட்ட பாட்டோ பொருளிழந்து பொம்மையாகும்.

அதன் பொருள் யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த மக்களுட் பலர் வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் பலியாயினர். பிழைத்தவரைக் கங்காணியின் கடன் பிணித்தது. 1921இல் 'துண்டு' முறை சட்டத்தால் ஒழியும்வரை, கடனோடு மனிதரும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினர். தெம்மாங்கிலும் ஒப்பாரியிலும் ஒலிப்பது இவ்வரலாறே. கங்காணியை நீக்கிவிட்டுக் கொழுந்தை மட்டும் பாடுவது கலையாகுமா? அது வரலாற்றுக்கு இழைக்கும் துரோகமன்றோ!

பாட்டின் பயனை நம்மவர் அறியாதவரல்லர். கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார், மக்கள் அறிந்த மெட்டுகளில் உரிமைப் பாடல்கள் இயற்றிக் கூட்டங்களில் பாடினார். 1940இல் அவை நூலாகவும் வெளிவந்தன. கணவரின் பேச்சும் மனைவியின் பாட்டும் ஒரே போராட்டத்தின் இரு கைகள். எழுத்தறியாதவர்க்கு அப்பாட்டே துண்டுப்பிரசுரம்.

அமெரிக்காவிலும் ஒரு குடும்ப இரட்டையர் இருந்தனர். ஜோன் லோமக்ஸும் மகன் அலனும் 1933இல் ஒலிப்பதிவு யந்திரத்தோடு தென்மாநிலங்களில் அலைந்து, கறுப்பின மக்களின் பாடல்களைப் பதிந்தனர். லெட்பெல்லி என்னும் புளூஸ் பாடகரை லூசியானாச் சிறையிலே கண்டனர். பாட்டு பிழைத்தது, ஆயின் பாடல் உரிமையில் லோமக்ஸின் பெயரும் ஏறியது. வருவாயில் தமக்குரிய பங்கு கிட்டவில்லை என்று பிணங்கி, 1935இல் பாடகர் அவரைப் பிரிந்தார். பாட்டைக் காத்தவரே பாடினவரின் பங்கில் கைவைத்த கதை இது.

'நாட்டார் பாடல் பொதுச்சொத்து. அதற்கு எவர் பெயரை இடுவது?' என்பர் சிலர். பொதுச்சொத்தென்றால், விற்கும்போது மட்டும் அது தனிச்சொத்தாவதெங்ஙனம்?

ஸி. வி. வேலுப்பிள்ளை இப்பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். ஆயினும் ஏடு சொல்லைச் சுமக்கும், மெட்டைச் சுமக்காது. இன்று மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி உண்டு. ஆசிரியர்களே, அவர்களை மாத்தளைத் தோட்ட லயங்களுக்கு அனுப்புங்கள். முதிய பெண்கள் பாடுவதை அவர்கள் இசைவோடு பதியுங்கள். அவர்கள் விரும்பினால் பெயரையும் தோட்டத்தையும் குறியுங்கள். கங்காணியை ஏசும் அடியைத் திருத்தாதீர்கள். பாட்டு பணமீட்டினால் பாடினவருக்கே முதற்பங்கு கொடுங்கள்.

கொழுந்து பறித்தவள் கூலிக்குப் போராடினாள். பாட்டுக்கும் அவள் போராட வேண்டுமா?