பனை விரதம் இருப்பதில்லை

மேலூர்ப் பக்கத்துப் பனை தன் செல்களைத் தானே தின்று கொன்றுதான் நீர்க்குழாய் செய்கிறதாம். ஆகவே நமக்கும் பட்டினியே மருந்தாம்! இப்படி எழுதிய நண்பர் நோபலையும் துணைக்கு இழுக்கிறார். ஜப்பானிய உயிரியலாளர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் பரிசு கிடைத்தது, செல் தன் பாகங்களைத் தானே செரிக்கும் தன்விழுங்கல் ஈஸ்ட்டில் நடக்கும் விதத்தைத் துலக்கியதற்கு, விரதத்துக்கு அல்ல.

நீர்க்குழாயாகும் சைலம் செல் சாவது உண்மைதான். கொல்வது யார்? ஜின்னியா செடியின் இலைச் செல்களைச் சைலம் செல்களாக மாறும்படி வளர்த்துப் பார்த்தவர்கள் கண்டது இது: சுவர் தடித்த பிறகு செல்லின் நீர்ப்பையான வாக்குவோல் வெடிக்கிறது, 10 முதல் 20 நிமிடத்தில் நியூக்ளியஸின் டிஎன்ஏ சிதைந்துவிடுகிறது.

தன்விழுங்கலின் பங்கு வேறு. 2016இல் ஸ்வீடனின் ஊமியோ ஆய்வாளர்கள் அராபிடாப்சிஸ் செல் வளர்ப்பில், குழாயாக மாறும் செல்களில் மட்டும் மெட்டாகாஸ்பேஸ்-9 நொதியைக் குறைத்தார்கள். அங்கே தன்விழுங்கல் கூடியது. கூட இருந்த, சாகவேண்டாத செல்களும் செத்தன. தன்விழுங்கலுக்குத் தேவையான ஏடிஜி-2 மரபணுவையும் அடக்கியதும் அவை பிழைத்தன. அளவு மீறினால் அண்டை அயலையும் கெடுக்கும் சமாச்சாரம் இது. இதையா மருந்தென்கிறார்?

பனையையே எடுத்துக்கொள்வோம். அறுத்த பனஞ்சட்டத்தில் கறுத்த நார்க்கற்றைகளை ஒட்டி ஊசித்துளைகள் தெரியும், அவைதான் குழாய்கள். புதுக் குழாய்களை உண்டாக்கும் கேம்பியம் என்ற திசு பனைக்குக் கிடையாது. தண்டில் பழைய குழாய்க்கு மாற்றுக்குழாய் வராது. மதுரைச் சமவெளியின் அத்தனை கோடையையும் அந்த மரம் அதே குழாய்களையும், அவற்றைச் சுற்றிச் சாகாமல் நிற்கும் செல்களையும் வைத்துத்தான் தாண்டுகிறது.